சேலம் வலிதணிப்பு இல்லம்: மார்பின் (morphine) மருந்து வைத்திருப்பதற்கான அங்கீகாரம் பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கள்

ஏற்காடு அடிவாரத்தில் உள்ள சிறிய வலிதணிப்பு இல்லத்தின் நிர்வாகக் குழுவில் தன்னார்வலராக இருக்கிறேன். எங்கள் மருத்துவர் சென்ற மாதம் வெளியூர் போய்விட்டார். போதைப்பொருள் சட்டத்தில் (NDPS) 2014-இல் வந்த திருத்தத்துக்குப் பின் வந்த விதிகளின்படி, கடும் வலிக்குக் கொடுக்கும் மார்பின் மருந்தை வைத்திருக்கும் நிறுவனத்தில் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவராவது இருந்தாக வேண்டும். அலமாரியில் 10 மி.கி. மாத்திரைகள் கொஞ்சம்தான் மிச்சம்.

நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டிய மருந்து இது. ஒரு வேளை தள்ளிப்போனாலும், வாய்ப்புற்றுநோயோடு சேர்வராயன் மலையிலிருந்து வந்திருக்கும் பெரியவர் கஞ்சி டம்ளரைத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். மார்பினைவிட வீரியம் குறைந்த வலிநிவாரணியான டிரமடால் அவருக்குப் போதவில்லை.

அங்கீகாரம் தரும் அலுவலகத்தில் நேரில் கேட்டோம், கடிதமும் கொடுத்தோம். தெளிவான பதில் வரவில்லை. வலிதணிப்புப் பயிற்சி முடித்த ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் வரச் சம்மதித்திருக்கிறார்.

அவர் பெயரை இருக்கிற அங்கீகாரத்திலேயே மாற்றிக்கொள்ளலாமா, புதிதாக விண்ணப்பிக்க வேண்டுமா?