‘முன்கணிப்பு மதிப்பெண்’ வேண்டாமே: பாக்டீரியா நிமோனியாவுக்கான கருவியின் பெயர் குறித்து

அன்புடையீர், வணக்கம்.

கொள்ளைநோய்க் காலத்தில் ஒருவருக்கு வந்திருக்கும் நிமோனியா பாக்டீரியாவால் வந்ததா என்று கணிக்கும் கருவியை ஆங்கிலத்தில் ‘prediction score’ என்கிறார்கள். அதை நம் கலைச்சொற் பட்டியலில் ‘முன்கணிப்பு மதிப்பெண்’ என்றே ஏற்றிவிடலாம் என்று இந்த விவாத இழை முடியப் பார்க்கிறது. அதற்குள் என் மறுப்பையும் பதிந்துவிடுகிறேன். இரண்டு சொற்களுமே எனக்கு உறுத்துகின்றன, முதலாவது அதிகமாக.

முன்கணிப்பு என்றால் இனி நடக்கப்போவதைச் சொல்வது. நிமோனியாவின் கடுமையை அளக்க 2003இல் வெளியான கர்ப்-65 (CURB-65) என்ற கருவி அந்த வேலையைத்தான் செய்கிறது. மனக்குழப்பம், இரத்தத்தில் மிகுந்த யூரியா, நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சு, தாழ்ந்த இரத்த அழுத்தம், 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயது: ஒவ்வொன்றுக்கும் ஒன்று வீதம் கூட்டினால், நோயாளி 30 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பைக் கணிக்கலாம். ஆனால் ஐந்துக்கு ஐந்து வாங்கியவரின் நுரையீரலில் இருப்பது நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவா வைரஸா என்று கேட்டுப் பாருங்கள். அது வாயே திறக்காது.

கொள்ளைநோய்க் காலத்தில் மருத்துவருக்கு வேண்டியதோ அந்த விடைதான். வார்டு நிறைய ஒரே காய்ச்சல், ஒரே இருமல். யாருக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பது? சளியை வளர்த்துப் பார்க்கும் சோதனையின் முடிவுக்கு இரண்டு நாளாவது காத்திருக்க வேண்டும். அதுவரை, தொற்றின்போது இரத்தத்தில் கூடும் சி-ரியாக்டிவ் புரதம், புரோகால்சிடோனின் ஆகியவற்றின் அளவு, வெள்ளணுக்களின் எண்ணிக்கை, எக்ஸ்ரேயில் நுரையீரலின் ஒரு மடலை மட்டும் அடைத்து நிற்கும் வெண்மை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் எடைபோட்டுக் கூட்டுகிறார்கள். இதில் ‘முன்’ எங்கே இருக்கிறது? இந்த நொடியில் உள்ளே இருப்பது எது என்றல்லவா கேட்கிறோம்! இனி நடப்பதைச் சொல்வது, இப்போது இருப்பதைச் சொல்வது இரண்டையும் ஆங்கிலம் ‘prediction’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டது என்பதற்காக நாமும் அடக்க வேண்டுமா?

‘முன்கணிப்பு’க்குப் பதிலாக இழையில் மருத்துவ நண்பர் சொன்ன ‘நோயறி’ இதைவிடப் பல மடங்கு மேல். ஆனாலும் ஒரு சிறு குறை. நிமோனியா என்பது படத்திலேயே தெரிந்துவிட்டது. தெரியாதது அதை உண்டாக்கிய கிருமி. நோயின் காரணத்தைக் குறிக்க ‘நோய்முதல்’ என்ற பழைய சொல் இருக்கும்போது நாம் ஏன் சுற்றி வளைக்க வேண்டும்? ‘நோய்முதற் கணிப்பு’ என்பது என் முன்மொழிவு. கர்ப்-65 வகைக்கு ‘முன்கணிப்பு’ அப்படியே இருக்கட்டும்.

அடுத்து ‘மதிப்பெண்’. கூடினால் நல்லது என்ற பள்ளிக்கூட வாசனை ஒருபுறம். அதைவிட, மதிப்பெண் என்றதுமே தீர்ப்பு வந்துவிட்டது போன்ற தோற்றம் எழுகிறது. இந்த எண்ணுக்குத் தனியாக நிற்கும் வலுவில்லை. கற்பனையாக ஒரு கணக்கு: பாக்டீரியா உள்ளவர்களில் 90 விழுக்காட்டினரைக் கண்டுபிடித்து, இல்லாதவர்களில் 80 விழுக்காட்டினரைச் சரியாக விலக்கும் கருவி. 1000 நோயாளிகளில் 300 பேருக்குப் பாக்டீரியா இருந்தால், ‘ஆம்’ என்று வரும் 410 பேரில் 270 பேருக்கு உண்மையிலேயே இருக்கும். வைரஸ் அலை எழுந்து அந்த 300 வெறும் 50 ஆகும்போது, ‘ஆம்’ என்று வரும் 235 பேரில் 45 பேருக்குத்தான் இருக்கும். கருவியும் எண்ணும் அவையேதான், பொருள் தலைகீழ். 1918 இன்ஃபுளுவென்சாவில் இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது பின்தொடர்ந்து வந்த பாக்டீரியா நிமோனியா. கோவிட் நோயாளிகளிலோ மருத்துவமனையில் சேரும்போதே பாக்டீரியாத் தொற்றும் இருந்தவர்கள் சிலரே. ஒரு கொள்ளைநோயில் தேறிய கருவியை அடுத்ததில் அப்படியே நம்ப முடியாது.

ஆகவே, தீர்ப்புத் தொனியில்லாத ‘புள்ளி’ போதும். ‘நோய்முதற் கணிப்புப் புள்ளி’. நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். கட்டுரைக்குள் இரண்டாம் முறை வரும்போது ‘கணிப்புப் புள்ளி’ என்று சுருக்கிக்கொள்ளலாம்.

ஒரு சிக்கல் மிச்சம். ‘ஆம்’, ‘இல்லை’ என்று பிரிக்கும் அளவை நம் பட்டியலில் ‘வெட்டுப்புள்ளி’ என்று ஏற்கெனவே போட்டிருக்கிறோம். ‘வெட்டுப்புள்ளி நான்கு புள்ளி’ என்று எழுதினால், நாலரையைத் தட்டச்சு செய்யும்போது பாதியில் விட்டுவிட்டோம் என்று படிப்பவர் நினைப்பார். அதை ‘எல்லை அளவு’ என்று மாற்ற யாருக்கேனும் மறுப்பு உண்டா?