சிமெண்ட் காளான், ஆமை எல்லாம் ராத்திரில தெரியோணும், க்ளோ பவுடர் கலந்து வார்க்கலாமுங்களா?

உடுமலை தோப்புக்காரன்:
வணக்கமுங்க. கேட்டுல இருந்து தோட்டத்து சாளை வீட்டுக்கு போற தடத்துல ரண்டு பக்கமும் நானே சிமெண்ட்ல காளான், ஆமைன்னு வார்த்து வெச்சிருக்கறேன், பழைய பேசினும் குண்டாவும்தான் அச்சு, வாசல்கிட்ட ஒரு காங்கேயம் காளை படுத்திருக்குது. பகல்ல நல்லாத்தான் இருக்குது, பொழுது விழுந்தா ஒண்ணும் தெரியறதில்லீங்க, நோம்பிக்கு வந்த ஒரம்பரை ஒருத்தர் ஆமை மேல இடிச்சு வெரல் நகமே பேந்துபோச்சு. வயர் இழுத்தா எலி உடறதில்ல. இருட்டுல ஒளிர்ற பவுடரை கலவைலயே போட்டு வார்த்தா ஆகுமுங்களா?

பெருந்துறை பெயிண்டர்:
கலவைல போடாதீங்க, காசு தெண்டம். உள்ள போன பவுடருக்கு வெளிச்சமே எட்டாது, மேல் தோல்ல இருக்கறது மட்டுந்தான் ஒளிரும், அதுலயும் பாதியை சிமெண்ட்டோட சாம்பல் கலர் முழுங்கிரும். இப்ப விக்கற நல்ல பவுடர் ஸ்ட்ரான்சியம் அலுமினேட், 1993-ல ஜப்பான்காரங்க கொண்டுவந்தது, பழைய ஜிங்க் சல்பைட் பவுடரை விட எவ்வளவோ நேரம் நிக்கும், ஆனா தண்ணி பட்டா கெட்டுரும், அதனால வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் குடுத்த ரகமா கேட்டு வாங்குங்க.

வார்த்து ஒரு வாரம் தண்ணி காட்டி, அப்பறம் நல்லா காய உடுங்க, மொத்தம் 28 நாளாச்சும் ஆகட்டும், இல்லீன்னா உப்பு பூத்து பெயிண்ட் உரிஞ்சுட்டு வந்துரும். சிமெண்ட் ப்ரைமர், அதுக்கு மேல வெள்ளை ரண்டு கோட்டு, வெள்ளை இல்லாம அடிச்சா வெளிச்சம் ரொம்ப கம்மியாயிரும். அப்பறந்தான் பவுடரை வெளிவேலைக்கு ஆகற கிளியர் பியூ கோட்டிங்ல (பாலியூரித்தேன், வார்னிஷ் மாதிரி நெறமில்லாதது) கலந்து ரண்டு மூணு கோட்டு. கனமான பவுடர்ங்க, டப்பா அடில போய் உக்காந்துக்கும், ப்ரஷ் தொடறப்பெல்லாம் கலக்கோணும், மரக்குச்சில கலக்குங்க, இரும்புக்கம்பி போட்டு ஆட்டுனா இரும்பு தேஞ்சு கருப்படிச்சுரும். வெறும் எபாக்ஸி வேண்டாம், நம்மூரு வெய்யிலுக்கு மஞ்சளாயிரும்.

கோபி அம்மிணி:
பெயிண்டர் அண்ணன் சொல்றது சரிதானுங்க, ஆனா காளானுக்கு பெயிண்ட்டை விட க்ளோ கல்லு நல்லா இருக்குமுங்க. கூழாங்கல்லு மாதிரியே விக்கறாங்க. நான் பேசினுக்குள்ள அடில அங்கங்க பசை தொட்டு கல்லை ஒட்டிட்டு மேல வெள்ளை சிமெண்ட் கலவை ஊத்துவேன், அடுத்த நாள் கவுத்து எடுத்து ஈர ஸ்பாஞ்சும் ப்ரஷ்ஷும் வெச்சு தேச்சா கல்லு மொகம் வெளிய வந்துரும். அதிகமா ஒளிர்றது பச்சைதான், நீலம் கொஞ்சம் மங்கல், சிவப்பு ஆரஞ்சு எல்லாம் வாங்கி ஏமாறாதீங்க. ஒண்ணு, பொழுது விழுந்ததும் நல்லா தெரியும், நேரம் போகப்போக மங்கிரும், நடுராத்திரிக்கு மேல கண்ணு இருட்டுக்கு பழகுனாத்தான் தெரியும். தென்ன நெழலா இருந்தாலும் பகல் வெளிச்சம் போதுமுங்க.

தாராபுரம் ரோட்டு வேலை:
ஏனுங்க, வண்டி வர்ற தடம்னா க்ளோவே தேவையில்ல. ரோட்டு வெள்ளைக்கோட்டுல தூவற கண்ணாடி மணி இருக்குதுல்ல, அதை ஈர பெயிண்ட் மேல தூவிட்டீங்கன்னா ஹெட்லைட் பட்டதும் பளிச்சுன்னு அடிக்கும், டார்ச்சுக்கும் தெரியும். மணி பாதி பெயிண்ட்டுல முங்கி பாதி வெளிய நிக்கோணும், அதுக்கு மேல வார்னிஷ் அடிச்சுப்போட்டா வேலைக்காகாது. வெளிச்சம் அடிக்காம சும்மா நடந்து வர்றவிகளுக்கு இது ஒண்ணுக்கும் ஆகாது, அதையும் சொல்லிப்போடறேன். எங்க அப்புச்சி காலத்துல தடத்துக்கல்லுக்கு சுண்ணாம்பு அடிச்சாங்க, நெலா வெளிச்சத்துல அதுவே தெரியும்.

உடுமலை தோப்புக்காரன்:
ரொம்ப சந்தோசமுங்க. அப்ப தடத்தோரம் கல்லு பதிச்ச காளான், கேட்டுகிட்ட மணி தூவுன ஆமை. காளைக்கு என்ன பண்றதுங்க? முழுசா பச்சையா ஒளிர்ந்தா காளை மாதிரியே இருக்காது, பேய் மாதிரி இருக்கும். சோலார் எல்ஈடி வெச்சு கீழ இருந்து அடிச்சா?

கோபி அம்மிணி:
அய்யோ தென்னந்தோப்புல ராமுச்சூடும் வெளக்கா? காண்டாமிருக வண்டுக்கு வெளக்குப்பொறி வெக்கறதே அது வெளிச்சத்துக்கு வர்றதுனாலதானுங்க. கொம்பு நுனிக்கும் திமில் ஓரத்துக்கும் மட்டும் மெல்லிசா க்ளோ கோடு இழுங்க, போதும்.

பெருந்துறை பெயிண்டர்:
கண்ணுக்கு சைக்கிள் ரிஃப்ளெக்டரை வெட்டி பதிச்சுருங்க, கேட்டு தொறந்து வண்டி உள்ள வர்றப்ப ரண்டும் மின்னும். கோடு இழுக்கறப்ப மாஸ்கிங் டேப் ஒட்டிக்கங்க, பெயிண்ட் காயறதுக்கு முந்தியே டேப்பை உரிச்சரோணும்.