மாடல் டி எஞ்சினுக்குக் கம்பி வேலை: சேர்க்கச் சேர்க்கப் பொம்மையாகிறது, உதவி வேண்டும்

வைகைக்கரை (செல்லூர்)

அனைவருக்கும் வணக்கம். 1911ஆம் ஆண்டு ஃபோர்டு மாடல் டி டூரிங் காரை 1:24 அளவில் செய்துகொண்டிருக்கிறேன். பிளாஸ்டிக் கிட். சட்டம், எஞ்சின், உடல் எல்லாம் ஒட்டியாகிவிட்டது. நுணுக்க வேலையில்தான் நான்கு மாதமாக நிற்கிறேன்.

இது என் அப்பாவுக்கு. நாற்பது ஆண்டுகள் அம்பாசடர் கார்களுக்கு அடியில் படுத்தே வேலை பார்த்த மெக்கானிக். இப்போது மூட்டுவலி, மாடிப்படி இறங்குவதே பெரும்பாடாக இருக்கிறது. வருகிற தை மாதம் அவருக்கு எழுபத்தைந்து வயது நிறைகிறது. பானெட்டைத் தூக்கினால் உள்ளே ஒவ்வொரு கம்பியும் தெரிகிற ஒரு வண்டியை அவர் கையில் கொடுக்கவேண்டும். ஊரே பார்த்து அழகு என்று சொன்னாலும் எனக்குப் போதாது. அவர் பார்த்துத் தலையாட்ட வேண்டும்.

அசலுக்கு நெருங்கவேண்டும் என்று நான் சேர்த்த ஒவ்வொன்றும் வண்டியை அசலிலிருந்து தள்ளிக்கொண்டு போகிறது. மோட்டார் ரீவைண்டிங் கடையில் செம்புக் கம்பி வாங்கி, கறுப்பு பூசி, பிளக் கம்பிகளாக வைத்தேன். முறுக்குப் பிழிந்து வைத்தது போல இருக்கிறது. பழைய கிட் ஒன்றில் மிஞ்சிய டிஸ்ட்ரிபியூட்டரை எஞ்சின் பக்கவாட்டில் ஒட்டி, அதிலிருந்துதான் நான்கு கம்பிகளையும் எடுத்திருக்கிறேன். முகப்பு விளக்குகளுக்குத் தங்க வண்ணம் பூசி, எஞ்சினிலிருந்து அவற்றுக்கு ஆளுக்கொரு கம்பி இழுத்தேன். மேற்கூரைக்கு அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையில் ஒரு துண்டு வெட்டிக் கறுப்புச் சாயம் ஏற்றிப் போர்த்தினேன். சாக்குப் போட்டு மூடியது போலத் தெரிகிறது.

மூன்று படங்கள் இணைத்திருக்கிறேன். எங்கே பிழை என்று சொல்லுங்கள். தேவைப்பட்டால் பிரித்துவிட்டு மறுபடியும் செய்யத் தயாராக இருக்கிறேன்.

மல்லிகை மாடல்கள் (திருநகர்)

ஒட்டு வேலை மிகச் சுத்தம். இரண்டு விஷயங்கள் மட்டும் சொல்கிறேன்.

இரண்டாவது படத்தில் விளக்குக் கண்ணாடியில் வெள்ளையாகப் பனி படர்ந்திருக்கிறது. அது உடனடிப் பசையின் ஆவி. துடைத்தால் போகாது, மிக மென்மையான உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றவேண்டும். இனிமேல் கண்ணாடிப் பாகங்களுக்கு ஃபெவிகால் மட்டும் வையுங்கள். ஊசி முனையில் ஒரு புள்ளி போதும், காய்ந்ததும் தெளிவாகிவிடும்.

மேற்கூரைத் துணியை நானும் முதல் வண்டியில் செய்து அழுதிருக்கிறேன். துணியின் நெசவு கண்ணுக்குத் தெரிந்தால் அந்த அளவில் அது துணியாகவே இருக்காது. நகைக்கடையில் தோடு பொதிந்து தருகிற மெல்லிய இளஞ்சிவப்புத் தாள் இருக்கிறதல்லவா, அதைத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்துக் கூரைச் சட்டத்தின் மேல் போர்த்துங்கள். காய்வதற்குள் தூரிகையின் பின்முனையால் வளைவுகளுக்கு நடுவே இலேசாக அழுத்தினால் தொய்வும் வந்துவிடும். பிறகு பளபளப்பில்லாத கறுப்பு.

எஞ்சினைப் பற்றிப் பட்டறைக்காரர் ஐயா வந்து சொல்வார். அவர் சொல்லும்வரை எதையும் பிரிக்காதீர்கள்.

பட்டறைக்காரர் (தெற்காவணி மூல வீதி)

தம்பி, படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கை நன்றாக இருக்கிறது. அந்தக் கைக்கு என்ன செய்யவேண்டும் என்பதை நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

நான் நகைப் பட்டறை வைத்திருப்பவன். அமாவாசை எங்களுக்கு விடுமுறை. அன்று பட்டறைக் கருவிகளைத் தொடமாட்டோம். பல ஆண்டுகளாக அந்த ஒரு நாளில்தான் கார்களுக்கு வண்ணம் பூசுவதும் ஒட்டுவதும். கம்பி வேலை மற்ற நாள்களில், இரவு எட்டு மணிக்கு மேல். மாதத்துக்குச் சில மணி நேரம்தான் கிடைக்கிறது என்பதால், வைக்கிற ஒவ்வொரு கம்பியையும் ஏன் வைக்கிறேன் என்று கேட்டுக்கொண்டுதான் வைப்பேன்.

முதலில் அந்த டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றுங்கள். மாடல் டியில் அது கிடையாது. உங்கள் அப்பா பானெட்டைத் தூக்கியதும் முதலில் விரல் வைப்பது அந்த இடத்தில்தான். அம்பாசடரில் பிளக்குக்குப் பொறி தர ஒரு காயில், அதை நான்கு பிளக்குக்கும் பங்கு போடுவதற்கு ஒரு டிஸ்ட்ரிபியூட்டர். இதில் நான்கு சிலிண்டருக்கு நான்கு காயில். நான்கும் ஒரே மரப்பெட்டிக்குள் வரிசையாக நிற்கும். அந்தப் பெட்டி எஞ்சினுக்கும் இருக்கைக்கும் இடையே உள்ள மரத்தடுப்பில், ஆள் உட்காரும் பக்கம் இருக்கும். அங்கிருந்து கம்பிகள் தடுப்பைத் துளைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, சிலிண்டர் ஹெட்டின் மேல் நேராக நிற்கும் நான்கு பிளக்குகளுக்குப் போகும். எஞ்சினின் முன்பக்கம் டைமர் என்று ஒரு சிறிய வட்டப்பெட்டி உண்டு. எந்தக் காயில் எப்போது பொறி தரவேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. அதிலிருந்து நான்கு மெல்லிய கம்பிகள் பின்னோக்கி ஓடும். ஆக நான்கு தடித்த கம்பி, நான்கு மெல்லிய கம்பி.

பாட்டரி எங்கே வைப்பது என்று தேடாதீர்கள். காயிலுக்கு மின்சாரம் எஞ்சினின் பறக்கும் சக்கரத்தில் (ஃப்ளைவீல்) பொருத்திய 16 காந்தங்களிலிருந்து வருகிறது. தண்ணீர்ப் பம்பும் இல்லை. சூடான தண்ணீர் தானாக மேலேறி ரேடியேட்டருக்குப் போய், குளிர்ந்து கீழே வரும். பெட்ரோல் பம்பும் இல்லை. டாங்கு முன் இருக்கைக்கு அடியில். அங்கிருந்து பெட்ரோல் தன் எடையாலேயே கார்புரேட்டருக்கு இறங்கும். பெட்ரோல் குறைந்திருக்கும்போது செங்குத்தான ஏற்றம் வந்தால் டாங்கு தாழ்ந்துவிடும், எஞ்சின் நின்றுவிடும். அதனால் வண்டியைத் திருப்பிப் பின்னோக்கி ஏற்றியிருக்கிறார்கள். இதை அப்பாவிடம் சொல்லுங்கள். வண்டியைப் பார்த்ததைவிட அதிகம் மகிழ்வார்.

இருக்கைக்கு அடியிலிருந்து எஞ்சினின் வலப்பக்கத்துக்கு ஒரே ஒரு மெல்லிய பெட்ரோல் குழாய் வையுங்கள். கிட்டில் அது இருக்காது. வைத்தால், வண்டி எப்படி ஓடியது என்பது தெரியும்.

இப்போது தடிமனுக்கு வருகிறேன். நீங்கள் வாங்கியது 22 கெஜ் கம்பி போலத் தெரிகிறது (கெஜ் எண் கூடக்கூடக் கம்பி மெல்லிதாகும்). அதன் விட்டம் 0.71 மி.மீ. 24ஆல் பெருக்குங்கள்: 17 மி.மீ. அசல் வண்டியில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு பிளக் கம்பி! உண்மையில் அது 7 மி.மீ.தான். 24ஆல் வகுத்தால் 0.29. அதே ரீவைண்டிங் கடையில் 31 கெஜ் என்று கேளுங்கள். கிட்டத்தட்ட அதே அளவு. உங்கள் கண்ணுக்குப் பிழை என்று பட்டது நிறமோ பூச்சோ இல்லை, இந்த 17 மி.மீ.தான். சுங்குடித் துணியும் அப்படித்தான். 0.25 மி.மீ. துணி அசல் அளவில் 6 மி.மீ. ஆகிறது. எதை எடுத்தாலும் ஒட்டுவதற்கு முன் 24ஆல் பெருக்கிவிடுங்கள்.

காற்றுக்கண்ணாடியிலிருந்து முன்சட்டம்வரை சாய்வாக இறங்குகிற இரண்டு பித்தளைக் கம்பிகள் இந்த வண்டியின் முகலட்சணம். கிட்டில் வந்திருப்பது 0.8 மி.மீ. பிளாஸ்டிக், வெட்டி எறியுங்கள். எனக்கு வேண்டிய 0.4 மி.மீ. பித்தளையை நான் கம்பியச்சில், அதாவது பெரிதிலிருந்து சிறிதாகத் துளைகள் போட்ட தகட்டில், இழுத்துக்கொள்கிறேன். கம்பியைத் தணலில் இலேசாகச் சிவக்கவிட்டு ஆறவைத்தால் இளகிவிடும். முனையை அரத்தால் கூராக்கி, துளியளவு எண்ணெய் தடவி, அச்சின் துளையில் நுழைத்து மறுபக்கம் குறட்டால் பிடித்து ஒரே மூச்சில் இழுக்கவேண்டும். நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் ஒரு மெல்லிய வளையம் விழுந்துவிடும்; வெயிலில் பிடித்தால் காட்டிக்கொடுக்கும். ஒரு துளை இறங்கியதும் கம்பி விறைத்துவிடும். மறுபடி தணல், மறுபடி அடுத்த துளை.

கம்பியச்சு இல்லாதவர்கள் சரியான அளவில் வாங்கியே செய்யலாம். ஆனால் சுருளில் வந்த கம்பியைக் கையால் நீவி நேராக்க முயலாதீர்கள். ஒவ்வொரு விரலும் ஒரு வளைவை விட்டுப் போகும். இரண்டு முனைகளையும் இரண்டு குறட்டால் பிடித்து, கைகளை விலக்கிக்கொண்டே போங்கள். கம்பி முதலில் மறுக்கும். பிறகு ஒரு கணம் வெண்ணெய் போல இளகி, அரிசி அகலத்துக்கு நீளும். அங்கே நிறுத்துங்கள். இப்போது மேசையில் வைத்துப் பாருங்கள், அடிக்கோல் வைத்துக் கோடு போட்டது போலக் கிடக்கும். முப்பது ஆண்டுகளாக அந்தக் கணத்தை என் விரல்கள் அறியும். இன்றைக்கும் அது வரும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

விளக்குக்குத் தங்க வண்ணம் வேண்டாம். நாள் முழுக்கத் தங்கத்தைப் பார்ப்பவன் சொல்கிறேன், தங்கத்தில் சிவப்பு ஓடும்; பித்தளையில் எலுமிச்சை ஓடும். துலக்கிய குத்துவிளக்கைப் பக்கத்தில் வைத்து நிறம் கலக்குங்கள். தங்க வண்ணத்தில் சில சொட்டு வெள்ளி வண்ணம் சேர்த்தால் நெருங்கிவிடும். அடியில் பளபளப்பான கறுப்பு பூசி, அது நன்றாகக் காய்ந்தபின் மேலே பூசினால் உலோகத்தின் ஆழம் வரும். உண்மைப் பித்தளைக் கம்பியை ஒட்டுவதற்கு முன் புளித்தண்ணீர் தொட்ட பஞ்சால் ஒருமுறை துடைத்துக் கழுவினால் போதும்.

விளக்குக்கு நீங்கள் இழுத்த மின்கம்பிகளையும் எடுக்கவேண்டும். மாடல் டிக்கு மின்விளக்கு 1915இல்தான் வந்தது. உங்கள் வண்டியில் எரிவது கார்பைடு விளக்கு. கால்வைக்கும் பலகையின் மேல் கிட்டில் ஒரு பித்தளைக் குடுவை இருக்குமே, அதற்குள் கார்பைடு கல். அதன் மேல் தண்ணீர் சொட்டச் சொட்ட அசிட்டிலீன் வாயு கிளம்பி ரப்பர்க் குழாய் வழியே விளக்குக்குப் போகும். ஆகவே குடுவையிலிருந்து விளக்குகளுக்கு மெல்லிய குழாய் வையுங்கள். ரப்பர் என்பதால் இறுக்கமாக இழுக்காமல் கொஞ்சம் தொய்யவிடுங்கள்.

டயரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லவேண்டும். மினுமினுக்கும் கறுப்பு இந்த வண்டிக்கு ஆகாது. கரித்தூள் சேர்க்கத் தொடங்குவதற்கு முந்தைய ரப்பர் அழுக்கு வெள்ளையாகவோ வெளிர்ச் சாம்பலாகவோ இருக்கும். வண்டியின் உடலும் கறுப்பாக இருக்கவேண்டியதில்லை. கறுப்பு மட்டும் என்ற கணக்கு 1914இலிருந்து 1925 வரைதான். நீங்கள் அடர்நீலம் பூசியிருப்பது சரி, அதை மாற்றாதீர்கள்.

சக்கரத்தின் பன்னிரண்டு மர ஆரங்களிலும் பிளாஸ்டிக் வார்த்த அச்சின் கோடு தெரிகிறது. பிளேடின் முனையால் ஒவ்வொன்றையும் சுரண்டுங்கள். நான்கு சக்கரம், நாற்பத்தெட்டு ஆரம். குறுக்கு வழி இல்லை.

வைகைக்கரை (செல்லூர்)

ஐயா, ஆறு நாள் கழித்து எழுதுகிறேன். டிஸ்ட்ரிபியூட்டர் போய்விட்டது. அது இருந்த இடத்தில் சுரண்டி, தேய்த்து, எஞ்சினுக்கு மறுபடி வண்ணம் பூசிவிட்டேன். ஐஸ்கிரீம் குச்சியைச் செதுக்கிக் காயில் பெட்டி செய்தேன். தடுப்பில் 0.3 மி.மீ. துளை போடும்போது இரண்டு ஊசித் துளைப்பான்கள் முறிந்தன, மூன்றாவது தாங்கிக்கொண்டது. 31 கெஜ் கம்பி நான்கும் இப்போது பிளக்கில் நிற்கின்றன. முறுக்கு மறைந்துவிட்டது. இளஞ்சிவப்புத் தாள் கூரை இரண்டாம் முறையில் வந்துவிட்டது, மல்லிகை அவர்களுக்கு நன்றி.

அப்பாவிடம் வண்டியைக் காட்டாமல், பின்னோக்கி ஏற்றம் ஏறிய கதையை மட்டும் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அப்படியென்றால் டாங்கு சீட்டுக்கு அடியில் இருக்கவேண்டும்” என்றார். நான் சொல்லாமலேயே சொன்னார். அன்று இரவு சாப்பிடும்போதும் அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு கேள்விகள். கிட்டில் ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கிறது. நம் ஊரில் ஓடியதாகக் காட்டவேண்டும் என்றால் வலப்பக்கம் மாற்றவேண்டுமா? காற்றுக்கண்ணாடிப் பித்தளைக் கம்பி 0.4 மி.மீ. எனக்கு எங்கும் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் உங்கள் கம்பியச்சில் இழுத்துத் தர முடியுமா?

பட்டறைக்காரர் (தெற்காவணி மூல வீதி)

ஸ்டீயரிங்கை மாற்றாதீர்கள். பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நாடுகளுக்கு ஃபோர்டின் கனடா நிறுவனம்தான் வலப்பக்க ஸ்டீயரிங் வண்டிகளைச் செய்து அனுப்பியது. உங்களுடையது அமெரிக்க வண்டி. அது அமெரிக்க வண்டியாகவே சரியாக இருக்கட்டும். வலப்பக்க வண்டி வேண்டுமென்றால் அடுத்ததாகத் தனியே ஒன்று செய்யலாம். பெடல்களையும் நெம்புகோல்களையும் எப்படி வைப்பது என்று சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.

ஞாயிற்றுக்கிழமை அமாவாசை, தம்பி. கம்பி இழுக்கமாட்டேன். திங்கள் மாலை ஆறு மணிக்கு மேல் வாருங்கள். ரேடியேட்டரையும் முன்சட்டத்தையும் கையோடு எடுத்து வாருங்கள், வைத்துப் பார்த்தே நீளம் வெட்டிவிடலாம். அப்பாவுக்கு மாடிப்படி பெரும்பாடு என்றீர்கள்; பட்டறை தரைத்தளத்தில்தான் இருக்கிறது.