எங்கிருந்து தொடங்கலாம்? அறிவியல் புனைகதை நாவல்களும் பழைய டிவி தொடர்களும்

நிலவன்:
வணக்கம் நண்பர்களே. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா', 'மீண்டும் ஜீனோ' இரண்டும் எனக்குக் கிட்டத்தட்ட மனப்பாடம். ஆங்கிலத்தில் அசிமோவின் ரோபோ சிறுகதைகள் சில படித்திருக்கிறேன். அவ்வளவுதான். இனிமேல் கொஞ்சம் ஆழமாகப் படிக்கலாம் என்று ஆசை. விண்வெளிப் பேரரசு, லேசர் சண்டை, பத்துப் பாகம் நீளும் கதை எல்லாம் வேண்டாம். ஒரே புத்தகத்தில் முடிய வேண்டும், முடித்த பிறகும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பழைய டிவி தொடர்களும் சொல்லுங்கள், கறுப்பு வெள்ளை என்றாலும் சரி. 14 வயதுத் தம்பியும் கூட உட்கார்ந்து பார்ப்பான்.

இரவல் புத்தகம்:
நிலவன், ஆர்தர் சி. கிளார்க்கின் 'ராண்டவூ வித் ராமா'வை முதலில் எடுங்கள். 1973இல் வந்தது, பெரிய புத்தகமும் இல்லை. சூரிய மண்டலத்துக்குள் ஏதோ ஒன்று நுழைகிறது. குறுங்கோள் என்று நினைத்துக் கிட்டப் போனால், யாரோ செய்த 50 கிலோமீட்டர் நீள உருளை. நார்ட்டன் என்ற தளபதி தன் குழுவோடு உள்ளே இறங்குகிறார். கும்மிருட்டு. உருளை சுழன்றுகொண்டே இருப்பதால் நடு அச்சில் எடையே இல்லை, படிக்கட்டில் இறங்க இறங்க உடம்பு கனக்கிறது. வெளிச்சம் போட்டுப் பார்த்தால் தரை இரண்டு பக்கமும் வளைந்து ஏறித் தலைக்கு மேலே போய் ஒன்று சேர்ந்திருக்கிறது. உருளையின் உட்புறத்தைச் சுற்றி ஒரு கடல், உறைந்து கிடக்கிறது. ராமா என்று பெயரிடப்பட்ட அந்த உருளை சூரியனை நெருங்க நெருங்க அந்தக் கடல் அடியிலிருந்து உருகத் தொடங்கும். அந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

இதைச் செய்தது யார், எதற்காக? கிளார்க் கடைசி வரை சொல்வதில்லை. எனக்கு இந்த நாவல் இவ்வளவு பிடிக்கக் காரணமே அதுதான். பிற்பாடு ஜென்ட்ரி லீயோடு சேர்ந்து வந்த தொடர்ச்சி நாவல்களை விட்டுவிடுங்கள். புரியாத ஒன்றை மனிதன் முன்னால் வைத்துவிட்டு அவன் என்ன செய்கிறான் என்று பார்க்கிற கதைகளைத்தான் நான் திரும்பத் திரும்பத் தேடிப் போகிறேன்.

அந்த வரிசையில் அடுத்தது ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்களின் 'ரோட்சைடு பிக்னிக்' (1972). வேற்றுக்கிரகவாசிகள் வந்தார்கள், போய்விட்டார்கள். மனிதர்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவர்கள் விட்டுப்போன சாமான்களை மண்டலம் என்ற ஆபத்தான பகுதியிலிருந்து திருடி விற்பவன் ரெட்ரிக். ஒவ்வொரு அடி வைப்பதற்கு முன்னாலும் இரும்பு நட்டு ஒன்றை முன்னே வீசி, அது எப்படி விழுகிறது என்று பார்த்துத்தான் நடப்பான். அந்தச் சாமான்களில் ஒன்று: இரண்டு செப்புத் தட்டுகள், நடுவில் வெறும் இடைவெளி. அந்தத் தட்டுகளைச் சேர்க்கவும் முடியாது, பிரிக்கவும் முடியாது. அது என்னவென்று எந்த விஞ்ஞானிக்கும் தெரியாது, ஆனால் விலை போகும். முதல் பத்தியிலேயே விளக்கம் எதிர்பார்க்காமல் ரெட்ரிக்கின் பின்னாலேயே போங்கள்.

டிவியில் 'குவாட்டர்மாஸ் அண்ட் த பிட்'. பிபிசியில் 1958 டிசம்பரில் தொடங்கி அடுத்த மாதம் முடிந்தது, ஆறே பகுதிகள், எழுதியவர் நைஜல் நீல். லண்டனில் கட்டடத்துக்குத் தோண்டும்போது பழைய மண்டையோடுகள் கிடைக்கின்றன. பக்கத்திலேயே ஏதோ புதைந்திருக்கிறது. போரில் விழுந்த ஜெர்மன் குண்டு என்று ராணுவம் வருகிறது. தோண்டத் தோண்ட, அது மண்டையோடுகளின் வயதுக்கே போகிறது, லட்சக்கணக்கான ஆண்டுகள். பெரும்பாலும் நேரலையாக நடித்து ஒளிபரப்பிய தொடர், அதனால் மேடை நாடகம் பார்க்கிற மனநிலையோடு உட்காருங்கள். ஒரு தொழிலாளி பயந்தோடிக் கல்லறைத் தோட்டத்தில் விழுவான், அவன் உடம்புக்கு அடியில் சரளைக்கல் அலை அலையாக அசையும். அதற்கு மேல் எதையும் காட்டமாட்டார்கள். காட்டவும் தேவையில்லை.

கடைசிப் பெட்டி:
மேலே சொன்னதெல்லாம் அருமையான தேர்வுகள். ஆனால் மூன்றுமே புதிரை நடுவில் வைத்த கதைகள். மனிதர்கள் மனதில் நிற்கிற ஒன்றும் வேண்டும் என்று நினைக்கிறேன், அதனால் டேனியல் கீஸின் 'ஃபிளவர்ஸ் ஃபார் ஆல்ஜெர்னான்' (1966). சார்லி என்ற அறிவு வளர்ச்சி குன்றிய இளைஞன் தானே எழுதும் குறிப்புகள்தான் நாவல். முதல் பக்கங்கள் எழுத்துப்பிழை மயம். அறிவைக் கூட்டும் ஒரு அறுவை சிகிச்சைக்குப் பின் எழுத்து மெல்ல மெல்லத் திருந்தும். நிறுத்தற்குறி கற்றுக்கொண்ட மகிழ்ச்சியில் கண்ட இடத்திலெல்லாம் காற்புள்ளி போட்டுத் தள்ளுவான் பாருங்கள், அந்தப் பக்கத்தில் அவனை நமக்கு அவ்வளவு பிடித்துப்போகும்.

ஜீனோவையும் அசிமோவையும் படித்தவர் என்பதால் இன்னொன்று. 'ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்' இரண்டாம் சீசனில் 'த மெஷர் ஆஃப் எ மேன்' (1989). டேட்டா என்ற ஆண்ட்ராய்டைக் கழற்றி ஆராய வேண்டும் என்கிறார் ஒருவர். அவன் ஆளா, உடைமையா என்று விசாரணை. டேட்டாவுக்கு எதிராக வாதாட வேண்டியவர் அவனுடைய நண்பர் ரைக்கர். மறுத்தால் வழக்கே அங்கேயே டேட்டாவுக்கு எதிராக முடிந்துவிடும். ரைக்கர் எழுந்து வந்து, டேட்டாவின் முதுகிலுள்ள சுவிட்சை அணைப்பார். அவர் முகத்தை மட்டும் கவனியுங்கள்.

நிலவன்:
இருவருக்கும் மிக்க நன்றி. லெம் எழுதிய 'சொலாரிஸ்' பற்றி நிறையப் பேர் சொல்கிறார்கள். அதை இப்போதே படிக்கலாமா? தம்பிக்கு ஒவ்வொன்றும் அரை மணி நேரத்தில் முடிகிற மாதிரி ஏதாவது உண்டா?

இரவல் புத்தகம்:
'சொலாரிஸ்' கட்டாயம் படியுங்கள், ஆனால் ராமாவுக்கும் பிக்னிக்குக்கும் பிறகு. ஒரு கோள் முழுவதும் பரவிய ஒரே உயிருள்ள கடல். ஆராய வந்தவர்களின் நினைவுகளிலிருந்து அது ஆட்களை உருவாக்கி அனுப்புகிறது. அப்படி ஆராய வந்தவர்களில் ஒருவன் கெல்வின். இறந்துபோன அவன் மனைவி அவனுடைய அறையில் உட்கார்ந்திருக்கிறாள். நடுவில், அந்தக் கடலை மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்த வரலாறு பக்கம் பக்கமாக வரும். தாண்டிப் போக வேண்டாம். அத்தனை நூல்களை எழுதியும் ஒன்றும் பிடிபடவில்லை என்ற சலிப்பு நமக்குள் இறங்கினால்தான் கெல்வினின் தவிப்பு புரியும். பழைய ஆங்கிலப் பதிப்பு பிரெஞ்சு வழியாக வந்தது. பில் ஜான்ஸ்டன் போலிஷிலிருந்து நேரடியாகச் செய்த மொழிபெயர்ப்பு 2011இல் வந்தது. அதைத் தேடுங்கள்.

தம்பிக்கு 'த ட்விலைட் ஸோன்'. 1959 முதல் 1964 வரை வந்தது. ஒவ்வொரு கதையும் தனி, அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நான்காவது சீசன் மட்டும் ஒரு மணி நேரக் கதைகள், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 'த மான்ஸ்டர்ஸ் ஆர் டியூ ஆன் மேப்பிள் ஸ்ட்ரீட்' போடுங்கள். தெருவில் கரண்ட் போகிறது. வேற்றுக்கிரகவாசிகள் நம்மைப் போலவே வேடமிட்டு நடுவில் இருப்பார்கள் என்று ஒரு பையன் தான் படித்த கதையைச் சொல்கிறான். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கிற பார்வையே மாறிப்போகும். முடிவு என்ன என்று தம்பியிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.

கடைசிப் பெட்டி:
ஆமோதிக்கிறேன். 'குவாட்டர்மாஸ்' மட்டும் நேரம் எடுத்து, ஒரு நாளைக்கு ஒரு பகுதியாகப் பாருங்கள். வாராவாரம் காத்திருந்து பார்ப்பதற்காக எழுதியது அது. ஒவ்வொரு பகுதியும் நிற்கிற இடத்தில் நின்று யோசிக்க விஷயம் இருக்கும்.