குழாய் வரைபடத்தின் மையமும் ஆட்கள் வரைபடத்தின் மையமும் ஒன்றுதானா?

கேள்வி: தண்டையார்பேட்டை மாணவி

அனைவருக்கும் வணக்கம். முதுகலைப் பொறியியல் செயல்திட்டத்துக்காக எங்கள் தெருவையும் அதை ஒட்டிய நான்கு தெருக்களையும் எடுத்துக்கொண்டு, குடிநீர்க் குழாய்களை ஒரு வலையமைப்பாக வரைந்திருக்கிறேன். வால்வுகளும் சந்திப்புகளும் கணுக்கள், குழாய்கள் இணைப்புகள். குழாயில் தண்ணீர் வராத நாள்களில் லாரி வரும். அந்தச் செய்தி யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பதையும் வீடு வீடாகக் கேட்டு இன்னொரு வரைபடமாக்கினேன். இரண்டுக்கும் ஒரே மென்பொருளில் இடைநிலை மையத்தன்மையை, அதாவது மற்ற கணுக்களுக்கு நடுவில் ஒரு கணு எவ்வளவு தூரம் பாலமாக நிற்கிறது என்ற அளவை, கணக்கிட்டேன். முதல் வரைபடத்தில் தெருமுனை வால்வு முதலிடம் பெற்றது. அதை மூடினால் பாதித் தெருவுக்குத் தண்ணீர் நின்றுவிடும் என்பதால் அதில் வியப்பில்லை. இரண்டாவதில் முதலிடம் பெற்றவரோ, முனையில் இட்லிக்கடை வைத்திருக்கும் ஆயா அல்லர். யாரோடும் அதிகம் பேசாத ஓர் அக்கா. அவர் ஊருக்குப் போயிருந்த வாரத்திலும், லாரி வந்து நின்ற ஐந்து நிமிடத்துக்குள் குடங்கள் வழக்கம்போல வரிசை கட்டிவிட்டன. கணக்குத் தவறா, நான் கேட்ட விதம் தவறா, அல்லது பொறியியலின் அளவுகோலைச் சமூகத்துக்குக் கொண்டுபோனதே தவறா?

பதில் 1: ஓய்வுபெற்ற மின்பொறியாளர், பெரம்பூர்

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அம்மா. அந்த அளவுகோலை 1977-இல் வரையறுத்தவர் லின்டன் ஃப்ரீமன் என்ற சமூகவியலர். பொறியாளர்களாகிய நாங்கள்தாம் பின்னர் அதைக் கடன் வாங்கிக்கொண்டோம்.

சிக்கல் என்னவென்றால், கோடுகளின் வழியே எது ஓடுகிறது என்று அந்தச் சூத்திரம் கேட்பதே இல்லை. கணுக்களுக்கு இடையிலான மிகக் குறுகிய பாதைகளில் எத்தனை பாதைகள் ஒருவர் வழியாகச் செல்கின்றன என்று எண்ணுவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. ஒரு சந்திப்பில் நுழைந்த தண்ணீர் அதே அளவில் வெளியேறியாக வேண்டும். 1845-இல் இயற்பியலர் கிர்க்காஃப் மின்னோட்டத்துக்குச் சொன்ன விதியும் இதுவே. உங்கள் வீட்டுக்கு வந்த குடம் பக்கத்து வீட்டுக்குக் கிடையாது. செய்தியோ, எனக்குச் சொன்ன பிறகும் உங்களிடமே இருக்கிறது. அதே மூச்சில் இன்னும் பத்துப் பேருக்குச் சொல்லலாம், அது எல்லா வழிகளிலும் ஒரே நேரத்தில் பரவும். பொட்டலம், பணம், வதந்தி, தொற்று ஆகியவை வலையமைப்பில் வெவ்வேறு விதமாக நகர்கின்றன என்று வலையமைப்பு ஆய்வாளர் ஸ்டீபன் போர்காட்டி 2005-இல் வகைப்படுத்திக் காட்டினார். ஃப்ரீமனின் அளவு, முகவரி பார்த்துக் குறுக்குவழியில் போகும் பொட்டலத்துக்குப் பொருந்துவது.

சொல்லப்போனால் உங்கள் குழாய்களுக்கும் அது முழுதாகப் பொருந்தாது. தண்ணீர், அழுத்தத்துக்கும் குழாயின் விட்டத்துக்கும் ஏற்பப் பல வழிகளில் பிரிந்து ஓடும். அந்த வால்வைச் சுற்றிப் போக வேறு குழாய் இல்லாததால்தான் விடை சரியாக அமைந்தது, பாதி அதிர்ஷ்டம்.

பதில் 2: சமூகப்பணி படித்தவள், காசிமேடு

ஐயா சொன்னது சரியே. ஆனால் அந்த அக்காவை அவ்வளவு சீக்கிரம் கைவிட்டுவிடாதே, தங்கச்சி. சமூகவியலர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதிய கட்டுரையில், அறிமுகமானவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் ஐந்தில் நால்வருக்கும் மேற்பட்டோர் அந்த அறிமுகத்தை எப்போதாவதுதான் சந்தித்து வந்தார்கள். கலகலப்பாகப் பழகுவது வேறு, இரண்டு தெருக்களுக்கு நடுவில் ஒரே பாலமாக இருப்பது வேறு. அந்த அக்காவின் உறவினர் யாரேனும் அடுத்த தெருவில் இருக்கிறார்களா என்று பார்.

எனக்குச் சந்தேகம் உன் கேள்வியின்மேல்தான். "உங்களுக்கு யார் சொல்வார்கள்?" என்று கேட்டிருந்தால், ஆயாவின் பெயர் வராது. அவர் யாரையும் கூப்பிட்டுச் சொல்வதில்லை. இட்லி வாங்க நிற்பவர்கள் காதில் தானாக விழுகிறது. அப்படிக் கேட்டதை யாரும் "அவர் சொன்னார்" என்று கணக்கில் வைப்பதில்லை. "நேற்று லாரி வந்தது எப்படித் தெரிந்தது?" என்று ஒரு குறிப்பிட்ட நாளைச் சுட்டிக் கேள்.

பதில் 3: தினசரி ரயில் பயணி, வியாசர்பாடி

எது கோடு என்பதையும் முதலில் முடிவு செய்ய வேண்டும். தண்டவாளத்தைக் கோடாக வரைந்தால், சென்ட்ரலுக்கு முந்தைய நிலையமான பேசின் பிரிட்ஜ் பெரிய முடிச்சு. ஆனால் 2003-இல் இந்திய ரயில்வே வலையமைப்பை ஆராய்ந்த இயற்பியலர்கள், ஏதேனும் ஒரு ரயிலாவது இரண்டு நிலையங்களிலும் நின்றால்தான் அவற்றை இணைத்தார்கள். அந்தக் கணக்கில், விரைவு ரயில்கள் பல நிற்காமல் கடக்கும் பேசின் பிரிட்ஜ் மிகவும் இளைத்துப்போகும். சென்ட்ரலுக்கு வரும் ரயில் அங்கே சிக்னலுக்காக நின்று, நாம் பெட்டியைக் கையில் பிடித்தபடி வாசலில் காத்திருக்கும் நேரம் எந்த வரைபடத்திலும் வராது என்பது என் தனிப்பட்ட வருத்தம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. காசிமேட்டு அக்கா சொன்னபடி இன்று காலை ஐந்து வீடுகளில் மட்டும் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் இட்லிக்கடையில் நின்றபோது தெரிந்தது என்றார், இன்னொருவர் மகள் மாடியிலிருந்து பார்த்துச் சொன்னதாகச் சொன்னார். மற்ற மூவரும், லாரிக்காரர் அடித்த ஹாரன் கேட்டது என்றார்கள். ஹாரனுக்கு என் வரைபடத்தில் கணுவே கிடையாது. அதைச் சேர்த்து, எல்லா வீடுகளிலும் மறுபடி கேட்டுவிட்டு வருகிறேன்.