எக்கனாமிக், எக்கனாமிக்கல்: எங்கே எது?

தேன்சிட்டு:
ஆங்கிலத்தில் எக்கனாமிக், எக்கனாமிக்கல் என்று இரண்டு இருக்கிறது. ஹிஸ்டாரிக், ஹிஸ்டாரிக்கலும் அப்படித்தான். கடைசியில் அந்த ‘அல்’ வந்தால் பொருள் மாறுமா, இல்லை எதை எழுதினாலும் சரியா? விதி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், மனப்பாடம் செய்ய அலுப்பாக இருக்கிறது.

கட்டெறும்பு:
எல்லாவற்றுக்கும் பொருந்துகிற விதி கிடையாது, ஜோடி ஜோடியாகத்தான் பார்க்க வேண்டும். எக்கனாமிக் என்றால் பொருளாதாரம் சம்பந்தப்பட்டது, எக்கனாமிக்கல் என்றால் சிக்கனமானது. குறைந்த பெட்ரோலில் நிறைய தூரம் ஓடும் வண்டி எக்கனாமிக்கல். ஒரு நாடே கடனில் மூழ்குவதை ‘எக்கனாமிக்கல் கிரைசிஸ்’ என்று எழுதினால், நெருக்கடியைக்கூட செலவில்லாமல் நடத்தி முடித்த மாதிரி ஆகிவிடும்!
ஹிஸ்டாரிக் என்பது வரலாற்றில் நிற்கிற அளவுக்குப் பெரிய விஷயம், 1969-ல் மனிதன் நிலவில் இறங்கியது மாதிரி. ஹிஸ்டாரிக்கல் என்றால் பழங்காலத்தைப் பற்றியது, அவ்வளவுதான். யாரோ நூறு வருஷத்துக்கு முன்னால் எழுதி வைத்த வரவுசெலவு நோட்டுகூட ஹிஸ்டாரிக்கல்தான், அதற்காக அது ஹிஸ்டாரிக் ஆகிவிடாது.

வெயில்காத்தான்:
மேலே சொன்னது சரி, ஆனால் எல்லா ஜோடியும் இவ்வளவு சுத்தமாகப் பிரியாது. முன்பெல்லாம் இவற்றை மாற்றி மாற்றித்தான் எழுதினார்கள், பொருள் பிரிந்தது மெல்ல மெல்லத்தான். ஜியாமெட்ரிக், ஜியாமெட்ரிக்கல் இரண்டும் இன்றைக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மின்சாரத்தில் இயங்குகிற ஒரு பொருளைக் குறிப்பாகச் சொன்னால் பெரும்பாலும் எலக்ட்ரிக்: எலக்ட்ரிக் கார், எலக்ட்ரிக் கிடார். துறை, பழுது என்று பொதுவாகப் போனால் எலக்ட்ரிக்கல். எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிடமிருந்து அந்த ‘அல்’லைப் பிடுங்கினால் அவரையே பிளக்கில் செருகி ஓட்டுவது போல இருக்கும்.
சிலவற்றுக்கு ஜோடியே இல்லை. டொமஸ்டிக்கோடு ‘அல்’ ஒட்டாது.

தேன்சிட்டு:
சரி, புரிகிறது. அப்புறம் அட்வெர்ப்? எக்கனாமிக்கலி எதிலிருந்து வந்தது?

கட்டெறும்பு:
இரண்டுக்கும் அது ஒன்றேதான். ‘இக்’கில் முடிந்தாலும் ‘இக்கல்’லில் முடிந்தாலும் அட்வெர்ப் ‘இக்கலி’ என்றுதான் வரும், பப்ளிக்லி மாதிரி ஒன்றிரண்டு தவிர. அதனால் எக்கனாமிக்கலி என்று வந்தால் ‘பொருளாதார ரீதியாக’வா ‘சிக்கனமாக’வா என்பதை முன்பின் வாக்கியத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கூழாங்கல்:
என்னைக் கேட்டால் ‘அல்’லைவிட மோசமானது இமாஜினரி, இமாஜினேட்டிவ். இமாஜினேட்டிவ் ஃப்ரெண்ட் கற்பனை வளம் உள்ள நண்பர், இமாஜினரி ஃப்ரெண்ட் என்றால் அப்படி ஒரு ஆளே கிடையாது. இந்த வகைச் சொற்களைத் தனியாகப் படிக்காமல் பின்னால் வரும் பெயர்ச்சொல்லோடு சேர்த்தே படியுங்கள்: கிளாசிக்கல் மியூசிக், கிளாசிக் எக்ஸாம்பிள், இப்படி. விதியைத் தேடி அலைவதைவிட இது சுலபம்.