வெளிநாட்டில் தோழியின் கல்யாணம்: ரிசார்ட்டிலேயே தங்குவதா, பக்கத்து ஓட்டலா?

ஜன்னலோர_சீட் கேட்டது:

கல்லூரி விடுதியில் என் அறைத்தோழியாக இருந்தவளுக்குக் கல்யாணம். இரண்டு குடும்பமும் இரண்டு நாட்டில் இருப்பதால், மூன்றாவதாக ஒரு நாட்டில், கடற்கரை ரிசார்ட் ஒன்றில் வைத்திருக்கிறார்கள். மூன்று நாள் நிகழ்ச்சி. விருந்தினர்களுக்காக அங்கேயே அறைகளைப் பிடித்துவைத்து ஒரு லிங்க் அனுப்பியிருக்கிறார்கள், அறை வாடகை நம்முடையது. குறிப்பிட்ட தேதிக்குள் பதிவு செய்துவிட வேண்டுமாம்.

தேடிப் பார்த்தால் பத்து நிமிடத் தொலைவில் இன்னொரு ஓட்டல், வாடகை கிட்டத்தட்ட பாதி. என்னோடு அம்மாவும் (மூட்டு வலி, படி ஏற மாட்டார்) நான்கு வயது மகளும் வருகிறார்கள். கணவருக்கு விடுப்பு கிடைக்காததால் கல்யாணத்தன்று காலையில்தான் வந்து சேருவார். வெளியே தங்கினால் தோழி தப்பாக எடுத்துக்கொள்வாளா? எத்தனை நாள் முன்னால் போவது? போய்வந்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சாவிக்கொத்து எழுதியது:

பல வருடம் ஓட்டல்களில் குரூப் புக்கிங் மேசையில் உட்கார்ந்தவன் நான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாடகையை ஒப்பிடும் முன் இதை யோசியுங்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, தூங்கிப்போன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு அறைக்கு எப்படித் திரும்புவீர்கள்? மேப்பில் தெரியும் பத்து நிமிடம் காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. கடற்கரை ரிசார்ட்டுகள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே இருப்பவை. அந்த நேரத்தில் வாசலில் டாக்சி நிற்காது, ஆப்பில் கூப்பிட்டாலும் லேசில் வராது. மணமக்கள் வேன் ஏற்பாடு செய்தாலும், அவர்கள் அறை பிடித்த ஓட்டல்களுக்குத்தான் பெரும்பாலும் போகும். கடைசி வேன் போன பிறகு போர்ட்டிகோவில் என்ன நடக்கும் என்று நிறையப் பார்த்திருக்கிறேன். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி பெண்கள் நிற்பார்கள். பெரியவர்கள் உட்கார இடம் தேடுவார்கள். வரவேற்பு மேசைப் பையன் டாக்சிக்காரருக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டுக்கொண்டிருப்பான். "இதோ அஞ்சு நிமிஷம் சார்" என்பதைத் தவிர அவனாலும் ஒன்றும் செய்ய முடியாது.

ராத்திரி மட்டும் இல்லை. மூன்று நாள் நிகழ்ச்சி என்றால் நடுவில் உடை மாற்ற வேண்டும், மகள் மதியம் தூங்க வேண்டும், அம்மா காலை நீட்டிப் படுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை போய்வர வேண்டும் என்றால், மிச்சம் பிடித்த வாடகை டாக்சிக்கே போய்விடும். இன்னொன்று, எல்லாச் செலவும் வாடகையிலேயே அடங்கிய வகை ரிசார்ட் என்றால், அங்கே தங்காத விருந்தினருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று நுழைவுக் கட்டணம் கேட்பது சகஜம். உங்கள் ரிசார்ட்டில் அது உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். உங்கள் நிலைமைக்கு நான் ரிசார்ட் என்றுதான் சொல்வேன்.

தோழி தப்பாக எடுத்துக்கொள்வாளா என்பது அவள் போட்ட ஒப்பந்தத்தைப் பொறுத்தது. சிலர் சும்மா பிடித்துவைப்பார்கள், அறை நிரம்பாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. சிலர் இத்தனை அறை நிரம்பும் என்று கையெழுத்துப் போட்டிருப்பார்கள். குறைந்தால் மீதிக்கு அவர்கள்தான் பணம் கட்ட வேண்டும். எந்த வகை என்று உங்களுக்குத் தெரியாது, கேட்பதும் சங்கடம். அதனால் வெளியே தங்குவதாக இருந்தால் சீக்கிரம் சொல்லிவிடுங்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கடைசி வாரம்வரை பதில் சொல்லாமல் இருப்பவர்கள்தான் மணமக்களுக்குத் தலைவலி.

லிங்க்கில் உள்ள கடைசித் தேதி பெரும்பாலும் நிகழ்ச்சிக்கு ஒரு மாதம் முன்னால் வரும். அதற்குப் பிறகு மீதி அறைகள் பொது விற்பனைக்குப் போய்விடும், அந்த வாடகையும் போய்விடும். பதிவு செய்யும் முன் அதே ரிசார்ட்டின் தளத்தில் அதே தேதிகளைப் போட்டுப் பாருங்கள். சில சமயம் அங்கே இன்னும் மலிவாக இருக்கும். ஆனால் அது ரத்து செய்தால் பணம் திரும்பாத வாடகையா, காலை உணவு உண்டா என்று பார்க்காமல் ஒப்பிட்டுப் பயனில்லை. எல்லாம் ஒன்றாக இருந்தும் குறைவு என்றால், நீங்களாக எடுத்துவிடாமல் தோழிக்குச் சொல்லுங்கள். அவள் கேட்டால் ஓட்டல்காரர்கள் எல்லாருக்குமே குறைத்துக்கொடுக்க வாய்ப்பு உண்டு.

அம்மாவுக்காக ஒரு விஷயம். பதிவு செய்யும்போது குறிப்புப் பெட்டியில் "தரைத்தளம் வேண்டும்" என்று எழுதுவது வெறும் வேண்டுகோள்தான். எந்த அறை யாருக்கு என்பது பெரும்பாலும் நீங்கள் வருவதற்கு முந்தின நாளோ அன்று காலையோதான் முடிவாகும். ஆகவே மூன்று நான்கு நாள் முன்னால் நேரடியாக மின்னஞ்சல் போட்டு, போனிலும் ஒருமுறை பேசுங்கள். லிஃப்ட் உண்டா, குளியலறையில் தொட்டிமேல் ஏறிக் குளிக்க வேண்டுமா, அறையிலிருந்து மண்டபத்துக்கு எவ்வளவு நடை, பேட்டரி வண்டி எத்தனை மணிவரை ஓடும் என்று கேளுங்கள். தொட்டி விஷயத்தை யாருமே கேட்பதில்லை. மூட்டு வலிக்காரர்களுக்கு அதுதான் முதல் பிரச்சினை.

மூட்டைமுடிச்சு எழுதியது:

அறை விஷயத்தில் சாவிக்கொத்து சொன்னது சரி. நான் விமானத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதல் நிகழ்ச்சிக்கு ஒரு முழு நாள் முன்னாலாவது போய்ச் சேருங்கள். நேர வித்தியாசம் அதிகம் என்றால் இன்னும் ஒரு நாள். இணைப்பு விமானம் என்றால் இரண்டையும் ஒரே டிக்கெட்டில் எடுங்கள். முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டால், ஒரே டிக்கெட்டாக இருந்தால் அவர்கள் வேறு விமானத்தில் ஏற்றிவிட வேண்டும். தனித்தனி டிக்கெட் என்றால் புதிதாக வாங்க வேண்டியது உங்கள் பாடு. நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானத்தில் தேதியை இரண்டு முறை பாருங்கள். 15ஆம் தேதி 00:40 என்றால் 14ஆம் தேதி ராத்திரியே விமான நிலையத்தில் இருக்க வேண்டும்.

கல்யாண உடை, நகை, மருந்து எல்லாம் கைப்பையில். பெட்டி தொலைந்தால் 1999 மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி இழப்பீட்டுக்கு உச்சவரம்பு உண்டு. கேட்டு வாங்குவதற்குள் கல்யாணமே முடிந்திருக்கும். பெட்டி வராவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே புகார் எழுதி நகல் வாங்குங்கள், மாற்றுத்துணி வாங்கிய ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான், பெட்டியில் போடக்கூடாது.

பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. உங்கள் மூன்று பேருடையதையும் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அப்புறம், குழந்தை அப்பா இல்லாமல் பயணம் செய்கிறாள் இல்லையா? சில நாடுகளில் மற்ற பெற்றோரின் சம்மதக் கடிதம் கேட்பார்கள். கணவரிடம் எழுதி வாங்கி, நோட்டரி கையெழுத்தும் போட்டு, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் நகலோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அரைத்தூக்கம் எழுதியது:

நான் எதிர்க்கட்சி. நாங்கள் போன ஒரு கல்யாணத்தில் ரிசார்ட்டிலேயே தங்கினோம். அறை சரியாக நடன மேடைக்கு மேலே! ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துகொண்டே இருந்தது, கைக்குழந்தை விடியவிடியத் தூங்கவில்லை. காரை வாடகைக்கு எடுத்து ஓட்டத் தெரிந்தவர் உங்களோடு இருந்தால் வெளியே தங்குவதுதான் நிம்மதி. இல்லை, ரிசார்ட்தான் என்றால் விருந்து நடக்கும் பக்கம் அறை வேண்டாம் என்று சொல்லி வாங்குங்கள்.

ஜன்னலோர_சீட்:

எல்லாருக்கும் நன்றி. எனக்குக் கார் ஓட்டத் தெரியும், ஆனால் தெரியாத நாட்டில் ராத்திரியில் ஓட்டத் தைரியம் இல்லை. ரிசார்ட்டிலேயே எடுக்கிறேன். தொட்டி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, அம்மாவிடம் சொன்னதும் "அதை முதல்ல கேளு" என்றார். ஒரு சந்தேகம்: கணவர் காலை ஆறு மணிக்கு வந்து இறங்குகிறார், அறை மதியம் மூன்று மணிக்குத்தான் கிடைக்கும் என்று போட்டிருக்கிறதே?

சாவிக்கொத்து எழுதியது:

நீங்கள் முன்னாலேயே வந்து அந்த அறையில் இருப்பதால் மூன்று மணிக் கணக்கு அவருக்குக் கிடையாது. ஆனால் பதிவிலேயே அவர் பெயரைச் சேர்த்துவிடுங்கள், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே. பெயர் இல்லாதவருக்கு வரவேற்பில் சாவி தர மாட்டார்கள். நீங்கள் அந்த நேரம் அலங்காரத்தில் இருப்பீர்கள், போன் எடுக்க முடியாது. அவருடைய கல்யாண உடையை உங்கள் பெட்டியில் முன்பே கொண்டுபோய்விட்டால் அவர் ஒரு கைப்பையோடு வந்தால் போதும். விமான நிலையத்திலிருந்து வரும் வண்டியை விமான எண் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். தாமதமானாலும் பெரும்பாலும் ஓட்டுநர் அதைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்.

அறை எடுக்கும்போது முன்பணமாக ஒரு தொகையைக் கார்டில் பிடித்துவைப்பார்கள். கிரெடிட் கார்டையே கொடுங்கள். டெபிட் கார்டு என்றால் உங்கள் கணக்கில் இருக்கும் பணமே மாட்டிக்கொள்ளும், திரும்ப விடுவிக்கச் சில சமயம் ஒரு வாரம்கூட ஆகும். பணம் செலுத்தும் மெஷின் "உங்கள் ஊர்ப் பணத்திலா, இந்த ஊர்ப் பணத்திலா" என்று கேட்டால் இந்த ஊர்ப் பணம் என்பதையே அழுத்துங்கள், மற்றதில் மாற்று விகிதம் மோசமாக இருக்கும்.